எண்ணத்தைப் பூட்டி வைக்காதீர்கள்

(நமது ஜமாஅத்தின் மாணவர் வழிகாட்டி நிகழ்ச்சியில் ஆற்றப்பெற்ற உரை)

 

கைப்பேசிச் செயலி ஒன்றை உருவாக்கும் எண்ணமுடைய இளைஞர்கள், அத்துறையில் தேர்ந்தவர்களை எவ்வாறு அணுக வேண்டும் என்பது பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்துள்ளீர்கள். இதற்கு வெற்றி பெற்ற ஒருவரை அழைத்திருக்கலாம். நான் தோற்றவன். ஆயினும், தோற்றவனுக்குத்தான் வழியிலுள்ள பள்ளம் எதுவென்று தெரியும். எனவே என் கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

2016ஆம் ஆண்டு. மளிகைக் கடைகளின் பற்று வரவுக் கணக்கைக் கைப்பேசியில் எழுதி, பாக்கி வைத்திருப்பவருக்குக் குறுஞ்செய்தி வழியே நினைவூட்டும் செயலி ஒன்றை உருவாக்கலாம் என எனக்குத் தோன்றியது. எண்ணத்தை எவரேனும் திருடிவிடுவரோ என்று அஞ்சி, ஒன்றரை ஆண்டுக் காலம் யாரிடமும் வாய் திறக்கவில்லை. அத்தா அவர்கள் பணி ஓய்வின்போது பெற்ற தொகையிலிருந்து மூன்று லட்சம் ரூபாயை வாங்கி, ஒரு மென்பொருள் நிறுவனத்திடம் கொடுத்துச் செயலியைச் செய்வித்தேன்.

செய்து முடித்து முதல் கடைக்குச் சென்றேன். கடைக்காரர் பார்த்துவிட்டு, "தம்பி, ஒரு கையில் தராசு, மறு கையில் எண்ணெய். இந்த எட்டுக் கட்டங்களை நான் எப்போது நிரப்புவது?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியில் என் ஒன்றரை ஆண்டு உழைப்பு சரிந்தது. மாற்றித் தருமாறு நிறுவனத்திடம் கேட்டேன். மேலும் பணம் கேட்டனர். செயலியின் மூலநிரலையாவது தாருங்கள் என்றேன். ஒப்பந்தத்தில் அவ்வாறு எழுதப்படவில்லை என்றனர். அத்தா என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "நாலு பேரிடம் கேட்டிருக்கலாமே" என்று மட்டும் கூறினார்கள். அச்சொல் இன்றும் என் நெஞ்சில் நிற்கிறது.

சகோதரர்களே! சிந்தித்துப் பாருங்கள். என் எண்ணத்தை எவரும் திருடவில்லை. அதே எண்ணம் வேறு பலருக்கும் தோன்றியிருந்தது. பின்னர் ஓகே கிரெடிட், கட்டாபுக் போன்ற செயலிகள் கடைத்தெருக்களில் பரவின. நான் ஒளித்து வைத்தது ஓர் இரகசியமே அன்று.

சட்டமும் இதையே காட்டுகிறது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், நாம் எழுதும் நிரலைக் காக்கும். மனத்திலுள்ள எண்ணத்தைக் காக்காது. 1970ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டமோ வெறும் கணினி நிரலைக் கண்டுபிடிப்பாகவே ஏற்பதில்லை. ஆகவே எண்ணத்தைப் பூட்டி வைப்பதால் பயனில்லை. அதைச் செம்மையாகச் செய்து முடிப்பதிலேயே அதன் மதிப்பு இருக்கிறது.

நாம் அனைவரும் நாள்தோறும் பயன்படுத்தும் வாட்ஸ்அப் உருவான விதத்தைப் பாருங்கள். உக்ரைனிலிருந்து தம் தாயுடன் அமெரிக்காவில் குடியேறியவர் ஜான் கூம். 2009ஆம் ஆண்டின் தொடக்கத்தில், தொலைபேசிப் பட்டியலில் ஒவ்வொருவர் பெயருக்கு அருகிலும் அவர் அப்போது என்ன நிலையில் இருக்கிறார் என்று காட்டும் செயலியை அவர் எண்ணினார். அதைத் தம் நண்பர் ஒருவரிடம் மனம் விட்டுப் பேசினார். ஐபோன் செயலி எழுதத் தெரிந்த ஒருவரை அந்நண்பரே அறிமுகம் செய்து வைத்தார். முதலில் செய்த செயலி அடிக்கடி நின்றுபோனது. கூம் மனம் தளர்ந்து வேறு வேலை தேட முற்பட்டார். யாகூ நிறுவனத்தில் உடன் பணியாற்றிய பிரையன் ஆக்டன், இன்னும் சில மாதங்கள் பொறுக்குமாறு கூறினார். செயலியைப் பயன்படுத்திய நண்பர்கள், தம் நிலையை அறிவிக்கும் இடத்தையே ஒருவருக்கொருவர் செய்தி அனுப்பப் பயன்படுத்தினர். அதைக் கண்ட கூம், செயலியைச் செய்தி அனுப்பும் கருவியாகவே மாற்றினார். அவ்வாண்டு அக்டோபரில், முன்பு யாகூவில் பணியாற்றிய ஐந்து நண்பர்களிடமிருந்து ஆக்டன் இரண்டரை லட்சம் டாலர் முதலீடு திரட்டினார். 2014ஆம் ஆண்டில் அந்நிறுவனத்தை 1,900 கோடி டாலருக்கு வாங்குவதாக ஃபேஸ்புக் அறிவித்தது.

இதில் ஒவ்வொரு படியிலும் ஒரு மனிதர் நிற்கிறார். எழுதுபவரைக் காட்டியவர், தளர்ந்தபோது தாங்கியவர், பயன்படுத்திக் காட்டியவர், பணம் தந்தவர். இவர்களில் எவரையும் பணம் கொடுத்துத் தேடவில்லை. பழகிய பழக்கமே அவர்களைச் சேர்த்தது.

ஆகவே இளைஞர்களே, நான்கு பேரைச் சந்தியுங்கள். முதலாமவர், உங்கள் செயலியைப் பயன்படுத்தப் போகிறவர். கடைக்காரருக்கான செயலி என்றால் கடையில் ஒரு நாள் நின்று பாருங்கள். இரண்டாமவர், செயலி எழுதிப் பழகியவர். எதை முதலில் செய்ய வேண்டும், எதை விட்டுவிடலாம் என்பதை அவர் அரை மணி நேரத்தில் சொல்லிவிடுவார். மூன்றாமவர், அதே துறையில் முயன்று பார்த்தவர். அவர் தோற்றவராயினும் தயங்காதீர்கள். நான்காமவர், ஒப்பந்தத்தைப் படித்துப் பார்க்கத் தெரிந்த வழக்கறிஞர். மூலநிரல் யாருக்குரியது என்பதை முன்பணம் கொடுப்பதற்கு முன் எழுதி வாங்குங்கள்.

அணுகுவதற்கும் ஒரு முறை உண்டு. முன்பின் அறியாதவரிடம் எடுத்த எடுப்பில் பணமோ வேலையோ கேட்காதீர்கள். நீங்கள் யார், தீர்க்க விரும்பும் சிக்கல் என்ன, அவரிடம் கேட்க விரும்பும் ஒரு கேள்வி எது என்பதை ஐந்தாறு வரிகளில் எழுதுங்கள். இருபது நிமிட நேரம் கேளுங்கள். அவர் பேசும்போது வாதம் செய்யாமல் குறித்துக் கொள்ளுங்கள். ஒரு மாதம் கழித்து, "தாங்கள் கூறியதைச் செய்தேன், இன்னது நிகழ்ந்தது" என்று தெரிவியுங்கள். பெரும்பாலோர் இதைச் செய்வதில்லை. செய்பவரை எவரும் மறப்பதில்லை. அடுத்த அறிமுகம் அங்கிருந்துதான் கிடைக்கும்.

அதற்காக அனைத்தையும் அனைவரிடமும் கொட்டிவிட வேண்டும் என்று நான் கூறவில்லை. சிக்கலையும் நோக்கத்தையும் தாராளமாகப் பேசுங்கள். நிரலையும், வாடிக்கையாளர்களின் விவரங்களையும் ஒப்பந்தமின்றி ஒப்படைக்காதீர்கள். அவ்வாறே, பிறர் நம்மை நம்பிக் கூறியதும் நம்மிடம் உள்ள அமானிதமே.

இறுதியாக, ஜமாஅத் நிர்வாகத்திற்கு ஒரு வேண்டுகோள். நம் மஹல்லாவின் பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் வளைகுடா நாடுகளிலும் மென்பொருள், கணக்கு, சட்டம், வணிகம் எனப் பல துறைகளில் பணிபுரிகின்றனர். அவர்தம் ஒப்புதலோடு பெயர், துறை, மாதத்தில் ஒதுக்கக்கூடிய நேரம் ஆகியவற்றைக் கொண்ட பதிவேடு ஒன்றை அலுவலகத்தில் வைத்தால், ஒரு மாணவனோ மாணவியோ கதவைத் தட்ட வழி பிறக்கும். இதற்குப் பெருஞ்செலவில்லை, ஒரு குறிப்பேடு போதும்.

அதில் முதல் பெயராக என் பெயரை எழுதிக் கொள்ளுங்கள். என்னிடம் விற்பதற்குச் செயலி இல்லை. ஆனால் ஒரு தந்தையின் ஓய்வுக்காலப் பணம் இன்னொரு முறை வீணாகாமல் தடுக்க அரை மணி நேரம் என்னிடம் உண்டு.