இடுப்படி எலும்பில் ஆபரேஷன்



முதுகெலும்பின் அடியில், இரண்டு இடுப்பெலும்புகளுக்கும் நடுவே ஆப்பு அடித்தது போல ஓர் எலும்பு இருக்கின்றது. குழந்தைப் பருவத்தில் ஐந்து துண்டாயிருந்து, வயது வந்தபின் ஒன்றாய்க் கூடிப்போவது. லத்தீன் பாஷைக்காரர் இதற்கு சேக்ரம், அதாவது புனித எலும்பு என்று பெயர் வைத்தார்கள். புனிதமென்று பெயர் வைத்ததற்காகக் கட்டி அதை விட்டுவிடவில்லை. கார்டோமா என்னும் புற்று அடிக்கடி வரும் இடங்களில் இது ஒன்று. மெதுவாய் வளருமாதலால், வெறும் இடுப்புவலி என்று வருஷக்கணக்கில் தைலம் தேய்த்துக் கொண்டிருப்பார்கள். கட்டியைக் கீறாமல், சுற்றியுள்ள நல்ல சதையோடு முழுசாய் எடுப்பதுதான் இதற்கு முக்கிய சிகிச்சை. கீறினால் மறுபடியும் முளைக்க இடமுண்டாகும்.

இந்த ஆபரேஷன் ஆனபின் ஒருவருக்கு மூத்திரம் கட்டிக்கொண்டால், "டாக்டர் கெடுத்துவிட்டார்" என்கிறது ஒரு கூட்டம். "அவன் தலையெழுத்து" என்கிறது மற்றொரு கூட்டம். எந்த நரம்பு வெட்டப்பட்டது என்று கேட்பார் இல்லை. அந்த எலும்பின் துவாரங்கள் வழியாக ஜோடி ஜோடியாய் நரம்புகள் வருகின்றன. முதல் ஜோடி பாதத்தை ஊன்றித் தள்ளி நடப்பதற்கு. இரண்டு, மூன்று, நான்காம் ஜோடிகள் மூத்திரம், மலம், ஆண் பெண் சேர்க்கை இவைகளுக்கு. கட்டி இவற்றைச் சுற்றியிருந்தால் நரம்பையும் எடுத்துத்தான் ஆக வேண்டும். ஒரு பக்கத்து நரம்புகள் மாத்திரம் போனால் பெரும்பாலும் கட்டுப்பாடு நிலைக்கும். இரு பக்கத்திலும் இரண்டாம் ஜோடியிலிருந்தே போய்விட்டால் நிலைக்காது. படம் பிடித்துப் பார்த்த அன்றே டாக்டருக்கு இது ஏறக்குறையத் தெரியும். ஆகவே கத்தி வைப்பதற்கு முன்பே சொல்ல வேண்டியது அவர் கடமை. வெட்கப்படாமல் கேட்க வேண்டியது நம்முடைய கடமை.

வெட்கத்தால் வரும் கேடு கொஞ்சமல்ல. தேங்கிய மூத்திரம் சிறுநீரகத்தையே கெடுக்கும். நோயாளி தானே, கையைக் கழுவிக்கொண்டு, சிறு குழாயை நாளில் பல தடவை விட்டு மூத்திரத்தை எடுத்துக்கொள்ளலாமென்று 1972-ல் அமெரிக்காவில் ஜாக் லேப்பிடிஸ் என்ற டாக்டர் எழுதினார். பல் விளக்குவது போல அதையும் ஒரு வேலையாய்ச் செய்துகொண்டு உத்தியோகம் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். இதில் மானம் போவதற்கு என்ன இருக்கிறது?

அதிகமாய் வரும் தொல்லை புண் ஆறாததுதான். எலும்பு போன இடம் பள்ளம். அதில் நீர் கட்டும். மலத்துவாரம் பக்கத்திலேயே இருக்கிறது. நோயாளி மல்லாந்து படுத்தால் பாரம் முழுவதும் அந்தப் புண் மேல்தான். அதனாலேயே பிட்டத்துச் சதையையோ வயிற்றுச் சதையையோ திருப்பி வைத்துப் பள்ளத்தை நிரப்புகிறார்கள். வீட்டார் செய்ய வேண்டியது, டாக்டர் சொன்னபடி அவரைப் புரட்டிப் படுக்க வைப்பது. எலும்பின் மேற்பாகமும் போயிருந்தால் முதுகுக்கும் இடுப்புக்கும் பிடிப்பு அறும். கம்பியும் திருகாணியும் வைத்துக் கட்ட வேண்டும்.

வீட்டுக்கு வந்தபின் சுரம், புண்ணிலிருந்து சீழ், தண்ணீர் போன்ற தெளிந்த கசிவு, எழுந்து உட்கார்ந்தால் தலைவலி, ஒரு காலில் மாத்திரம் வீக்கம், இவற்றில் எது கண்டாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கசிவு மூளைத்தண்டு நீராயிருக்கலாம். அதன் வழியாகக் கிருமி உள்ளே ஏறும். கால் வீக்கம் ரத்தம் உறைந்ததாயிருக்கலாம். அது நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. இவை ஒன்றுமில்லாமல் நன்றாய் நடமாடுகிறவரும் பல வருஷங்கள் தவறாமல் படம் எடுத்துப் பார்த்துவர வேண்டும். கார்டோமா வெகு காலம் கழித்தும் திரும்பி வருவதுண்டு.