பொதுக் குசினியில் ஒரு இறைச்சிப் பாஸ்தா

(புதிதாக வந்தவர்களுக்கான சமையல் வகுப்பில் ஆற்றிய உரை)



நான் 2009இல் இங்கிலாந்துக்கு வந்தனான். முதலில் தந்த வீட்டில் ஐந்து பேர், ஐந்து நாடு, ஒரு குசினி. மூன்றாம் நாள் இரவு செத்தல் மிளகாயும் கடுகும் தாளிச்சன். புகை அலாரம் அடிச்சு, எல்லாரும் படுக்கிற உடுப்போட றோட்டில வந்து நின்றார்கள். ஒருத்தரும் ஏசவில்லை. ஆனால் வெட்கத்தில பத்து நாளுக்கு மேல் நான் குசினிப் பக்கம் போகேல்லை. பாணும் தேத்தண்ணியும்தான். வழக்கறிஞரிட்டப் போன அன்று, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லத் தலை ஓடேல்லை. பயம் என்று நினைச்சன். பசி என்று பிறகுதான் விளங்கினது. உங்களில் ஆராவது இப்ப அப்பிடி இருந்தால், இந்த வகுப்பு அவருக்குத்தான்.

என்னைத் திரும்பக் குசினிக்குக் கூட்டிக்கொண்டு போனவர் பக்கத்து அறை எரித்திரிய நண்பர். அவையின்ர நாடு 1890 தொடக்கம் 1941 வரை இத்தாலியின் கைக்குள் இருந்தது. அதனால் பாஸ்தா அவைக்கு வீட்டுச் சாப்பாடு. உறைப்பும் எங்களைப் போலத்தான் சாப்பிடுவினம். அவர் காட்டித் தந்ததைத்தான் இன்றைக்குச் செய்யப்போறம்.

முதலில் கடை. அரைத்த இறைச்சிப் பெட்டியில் 'மின்ஸ்' என்று பெரிசா இருக்கும். அதோட உள்ள சொல்லையும் பாருங்கோ: 'பீஃப்' மாடு, 'லாம்ப்' ஆடு, 'போர்க்' பன்றி, 'டர்க்கி' வான்கோழி. அவசரத்தில் எடுத்து, வீட்ட வந்து மனம் நொந்தவையைக் கண்டிருக்கிறன். 'யூஸ் பை' திகதி கடந்த இறைச்சி மணக்காவிட்டாலும் எறியுங்கோ. 'பெஸ்ட் பிஃபோர்' என்றால் ருசி கொஞ்சம் குறையலாம், அவ்வளவுதான்.

இரண்டு பேருக்கு இரண்டு நேரத்துக்கு 400 கிராம் இறைச்சி, 400 கிராம் தக்காளி ரின் ஒன்று, வெங்காயம் ஒன்று, உள்ளி மூன்று பல்லு, துருவின கரட் ஒன்று போதும். பாஸ்தா இன்றைய இரவுக்கு மட்டும் 200 கிராம் அவியுங்கோ.

ஜன்னலைத் திறந்து, குசினிக் கதவைச் சாத்துங்கோ. அலாரத்தைத் துணியால மூடவே கூடாது, அது உங்கட உயிருக்கு. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில், நடுத்தரச் சூட்டில் வெங்காயம், உள்ளியை வதக்குங்கோ. பிறகு இறைச்சியைப் போட்டுக் கரண்டியால் உடைச்சு உடைச்சுக் கிளறுங்கோ. சிவப்பு நிறம் எங்கேயும் தெரியக்கூடாது. அரைக்கேக்க வெளியில் இருந்த கிருமி உள்ளுக்கும் போய்விடும், அதுதான் காரணம். தக்காளி, கரட், அரை ரின் தண்ணி, உப்பு சேர்த்த பிறகுதான் எங்கட கறித்தூள் இரண்டு தேக்கரண்டி. வெறும் எண்ணெயில் தூளைப் போட்டால் புகைஞ்சு, என்ர கதைதான் உங்களுக்கும். மெல்லிய சூட்டில் இருபது நிமிடம் விடுங்கோ.

அதுக்கிடையில் இரண்டு லீற்றர் தண்ணியை நல்லாக் கொதிக்க வைத்து, உப்புப் போட்டு, பாஸ்தாவைப் போடுங்கோ. நேரம் பைக்கற்றில் இருக்கும், அநேகமாக 10, 12 நிமிடம். சோறு மாதிரிக் குழைய விடாதேங்கோ, ஒன்றைக் கடிச்சுப் பாருங்கோ. வடிக்க முன்னம் அந்தத் தண்ணியில் ஒரு கோப்பை எடுத்து வையுங்கோ. கறியில் கொஞ்சம் விட்டால் மாச்சத்தால் பாஸ்தாவில் நல்லா ஒட்டும். பச்சைத் தண்ணியில் கழுவ வேண்டாம்.

நான் வெள்ளிக்கிழமை மச்சம் சாப்பிடுறதில்லை. நண்பர் ஓர்த்தடொக்ஸ் கிறிஸ்தவர், அவைக்குப் புதனும் வெள்ளியும் விரதம். அந்த நாட்களில் இறைச்சிக்குப் பதிலாக மைசூர்ப் பருப்புப் போட்டு இருவரும் ஒரே சட்டியில் சமைச்சம். உண்மையைச் சொன்னால் எனக்கு அதுதான் கூட விருப்பம்.

பன்றி சமைக்கிறதென்றால் வீட்டில் உள்ள முஸ்லிம் சகோதரர்களின் சட்டியைக் கேளாமல் எடுக்காதேங்கோ. மிஞ்சின கறியை ஆற விட்டு, இரண்டு மணித்தியாலத்துக்குள் பிரிட்ஜில் வையுங்கோ. பேரும் திகதியும் எழுதி ஒட்டுங்கோ. இரண்டு நாளுக்குள், ஆவி பறக்கச் சூடாக்கிச் சாப்பிடுங்கோ.

சரி, வெங்காயம் உரிக்க இரண்டு பேர் முன்னுக்கு வாங்கோ.