விழுந்த மறுநாள்
(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியது)



களப்பணியாளர்களான நாங்க பனிச்சறுக்கு நடனத்துக்கு ரசிகைகள்னு சொன்னா சிரிப்பீங்க. அடியில் கத்தி பொருத்திய பூட்ஸோடு பனிக்கட்டித் தரையில் சுழன்று குதிக்கிற போட்டி அது. டிவியில பார்த்துப் பார்த்தே ரசிகையானோம்.

ஜப்பானின் மாவோ அசாடா காற்றிலேயே மூன்றரைச் சுற்று சுற்றி இறங்கியவர். அன்றைக்கு மிகச் சில பெண்களே செய்திருந்த தாவல் அது. 2014 பிப்ரவரியில், ரஷ்யாவின் சோச்சி ஒலிம்பிக்கில், அதே தாவலில் விழுந்தார். முதல் சுற்றில் 16-வது இடம். பதக்கம் போச்சு. இனி எதுக்கு ஆடணும்னுதான் நமக்குத் தோணும்.

ஆனால் மறுநாள் வந்தார். அதே தாவலைச் சரியாக முடித்தார். 142.71 புள்ளி. அதுவரை அவர் எடுத்ததிலேயே அதிகம். ஆட்டம் முடிந்ததும் அழுதார், நாங்களும் அழுதோம். மொத்தத்தில் 6-வது இடம்தான்.

அடுத்த மாதமே ஜப்பானின் சைதாமாவில் உலகச் சாம்பியன் போட்டி. முதல் சுற்றில் 78.66 புள்ளி, அன்றைக்கு அது உலக சாதனை. தங்கமும் அவருக்கே. அவருடைய 3-வது உலகப் பட்டம் அது.

இதை ஏன் சொல்றோம்? தவணை தவறிய சகோதரி அடுத்த கூட்டத்துக்கு வர வெட்கப்படுறாங்க. நாமும் கூடிக்கூடிப் பேசுறோம். விழுந்தவங்க எழுந்து ஆடினா, நல்ல ரசிகர்கள் கைதான் தட்டுவாங்க. இந்த மாதம் வராத சகோதரி வீட்டுக்கு நாமே போய், "வாங்கக்கா"ன்னு கூப்பிடுவோமா?