எருமைப் பாலும் ஊர்ப் பெயரும்



மட்டக்களப்பார் மூவர் கூடினால் பேச்சு எங்கு தொடங்கினாலும் சாப்பாட்டில் வந்து நிற்கும் என்று பிற மாவட்டத்து நண்பர்கள் எம்மைக் கேலி செய்வதுண்டு. அக்கேலியை நான் மறுப்பதில்லை. இன்றும் உணவைப் பற்றியே பேச வந்துள்ளேன்; ஆயினும் என் பேச்சு அடுப்பங்கரையைப் பற்றியதன்று, சந்தையைப் பற்றியது.

அண்மையில் பாடசாலை விடுமுறையின்போது இலண்டன் மாநகரில் என் தமக்கையாரின் மகன் வீட்டிற் சில நாட்கள் தங்க வாய்த்தது. தமிழ்க் கடைகள் நிறைந்த ஈஸ்ட் ஹாம் பகுதியிலேயே அவன் வேண்டிய பொருள்களை வாங்குவான். அங்கே முருங்கைக்காயும் கிடைக்கும், மாசியும் கிடைக்கும். ஒரு சனிக்கிழமை, “மாமா, இன்று வேறொரு சந்தையைக் காட்டுகிறேன், வாருங்கள்” என்று என்னை லிவர்பூல் வீதிப் புகையிரத நிலையத்தின் அருகே அழைத்துச் சென்றான். இத்தாலிய உணவுக்கென்றே 2021ஆம் ஆண்டில் அங்கே திறக்கப்பட்ட பெருஞ்சந்தை அது. பெயர் ஈட்டலி. உண்ணுதலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் இத்தாலி நாட்டின் பெயரையும் ஒட்டவைத்துச் செய்த பெயர். நம் நாட்டார் காதில் விழுந்தால் இட்டலி என்றே நினைப்பர். நானும் என் மருமகனிடம் அதைச் சொல்லிச் சிரித்தேன்.

இதன் தொடக்கம் இத்தாலியின் தூரின் நகரில். ஒஸ்கார் ஃபாரினெட்டி என்பவர் அதற்கு முன்னர் மின்சாரப் பொருள்களை விற்றவர். அவர் 2007ஆம் ஆண்டிலே, முன்பு மதுபானம் வடித்த பழைய தொழிற்சாலைக் கட்டடமொன்றில் முதற் சந்தையைத் திறந்தார். 2010இல் நியூயோர்க்கிலும் ஒன்று தோன்றியது. இதற்குப் பின்னே ஒரு கருத்தியக்கமும் உண்டு. 1986இல் உரோமாபுரியின் பழைய சதுக்கமொன்றில் அமெரிக்க விரைவுணவுக் கடை வந்தபோது, கார்லோ பெட்ரினி முதலானோர் அதனை எதிர்த்தனர். அவ்வெதிர்ப்பிலிருந்து ‘மெதுவுணவு’ இயக்கம் பிறந்தது. ஊர் விளைவை ஊர் முறைப்படி ஆக்கி ஆற அமர உண்ண வேண்டும் என்பது அவர்களின் கோட்பாடு. முதற் சந்தைக்கு அவ்வியக்கத்தார் ஆலோசனை கூறினர்.

உள்ளே நுழைந்தால் சனக்கூட்டம். கூடையோடு வந்தவர் யார், பசியோடு வந்தவர் யார் என்று பிரித்தறிய முடியவில்லை. இப்பக்கம் மாவு மூட்டைகள்; சற்றுத் தள்ளி அம்மாவிற் சுட்ட ரொட்டி; அதற்கப்பால் மேசையிட்டு அதே ரொட்டியை உண்போர். பாஸ்தாவை வாங்கியும் செல்லலாம், அங்கேயே சமைப்பித்தும் உண்ணலாம். ஆற அமர உண்பதைப் பற்றி எழுதிய பலகையின் கீழே இடங்கிடையாமல் தட்டைக் கையில் ஏந்தி நின்றபடி உண்டவரையும் கண்டேன். விலையோ நம்மைப் போன்றோர் ரூபாயில் பெருக்கிப் பார்த்தல் நன்றன்று. அதனை ஏழைகளின் சந்தை என்று எவரும் சொல்லார்.

இவையெல்லாம் எனக்குப் பெரிய வியப்பல்ல. என்னை நிறுத்தி வைத்தது ஒரு பாற்கட்டி மேடை. அங்கே ஓர் இளைஞன் பாற்றிரளைக் கொதிநீரில் இட்டு, கையால் இழுத்து, மடித்து, மறுபடி இழுத்து, உருண்டையாகக் கிள்ளி எடுத்துக்கொண்டிருந்தான். கிள்ளுதல், வெட்டுதல் என்று பொருள்படும் இத்தாலியச் சொல்லிலிருந்தே மொசரெல்லா என்னும் பெயர் வந்ததாம். பக்கத்தில் உப்புநீரில் வேறொரு வகை மிதந்தது. என் மருமகன் அதனைக் காட்டி, “மாமா, இது எருமைப் பாலில் செய்தது. நம்ம ஊர் எருமைதான்” என்றான்.

வகுப்பறையில் மந்தமான மாணவனை வைவதற்கு நாம் பயன்படுத்தும் பிராணி அது. அதன் பாலுக்கு அங்கே தனி மேடை. மேடைக்கு மேலே கம்பானியா என்னும் பிரதேசத்தின் பெயர். சும்மா எழுதிய பெயரன்று அது. கசேர்த்தா, சலேர்னோ முதலிய குறித்த மாவட்டங்களின் எருமைப் பாலைக் கொண்டு, குறித்த முறையிற் செய்ததற்கு மட்டுமே அப்பெயர் உரியது என்று ஐரோப்பிய ஒன்றியம் 1996இல் சட்டப்படி பதிவுசெய்தது. பார்மிஜானோ என்னும் கட்டிப் பாற்கட்டிக்கும் அங்ஙனமே. சுமார் 550 லீற்றர் பால் சுண்டி ஏறத்தாழ 40 கிலோ எடையுள்ள ஒரு வட்டமாகின்றது. குறைந்தது 12 மாதம் முதிர வேண்டும். பின் பரிசோதகர் சிறு சுத்தியலால் தட்டி ஒலியைக் கேட்டுத் தரம் காண்பார். அதன் தோலைச் சுற்றிப் பெயர் புள்ளியெழுத்தாகப் பொறிக்கப்பட்டிருக்கும். திருடன் கொண்டுபோனாலும் ஊர்ப் பெயர் கூடவே போகும்.

இனி நம் வாவிக் கரைக்கு வருவோம். மட்டக்களப்பு எருமைத் தயிரின் சுவையை அறியாதவர் இந்நாட்டில் மிகச் சிலர். பாலைக் காய்ச்சி, இளஞ்சூடு ஆறவிட்டு, உறை ஊற்றி, மண்சட்டியில் வார்த்து வைத்தால் மறுநாள் கத்தியால் வெட்டும் பதம். மண்சட்டி ஈரத்தை உறிஞ்சுவதனால் வரும் இறுக்கம் அது. வேறு பாத்திரத்தில் அது கிடையாது. சோறும் தயிரும் வாழைப்பழமும் பிசைந்து உண்டவனுக்கு நான் மேலும் விளக்க வேண்டியதில்லை. இத்தயிரின் பெரும் பகுதி வாவிக்கு மேற்கே, படுவான்கரையிலிருந்து வருவது. அக்காலத்தில் வாவியைக் கடக்கப் ‘பாதை’யில் ஏற்ற வேண்டும். வேற்றூர் நேயர்களுக்குச் சொல்கிறேன்: எங்களூரில் பாதை என்றால் மனிதரையும் வண்டியையும் ஏற்றி அக்கரை சேர்க்கும் மிதவை. மண்முனையில் 2014இல் பாலம் திறக்கப்படும் வரை பாற்கலமும் தயிர்ச்சட்டியும் பாதைக்குக் காத்திருந்தே நகருக்கு வந்தன.

இத்துணைப் பாடுபட்டு வந்த சட்டியின்மேல் என்ன பெயர் இருக்கிறது? வாயை மூடிக் கட்டிய தாள் மட்டுமே இருக்கிறது. எந்த ஊர்ப் பட்டி, எவர் உறையிட்டார், எந்நாள் கறந்த பால் என்று அது சொல்லாது. நகரத்துக்குப் போனபின் மட்டக்களப்புத் தயிர் என்று எவரும் எதனையும் விற்கலாம். இறாலும் நண்டும் ஓராவும் மணலையும் களுதாவளை வெற்றிலையும் இவ்வாறே பெயரின்றிப் போகின்றன.

பெயர் என்ன சோறு போடுமா என்று கேட்கலாம். போடும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்றுண்டு. இலங்கைக் கறுவாவுக்கு 2022 பெப்ரவரியில் ஐரோப்பிய ஒன்றியம் புவிசார் குறியீடு வழங்கியது. இந்நாட்டுப் பொருளொன்று அத்தகைய பாதுகாப்பைப் பெற்றது அதுவே முதன்முறை. மலிவான வேற்றினப் பட்டையை நம் கறுவாவென்று அங்கே விற்றல் இனி எளிதன்று. கறுவாவுக்கு ஆனது தயிருக்கும் ஆகலாம். அயலூர்க் கடையில் வைத்து விற்க முடியாத பண்டம் என்பர் சிலர். அயலூர் வேண்டாம், கொழும்பில் நல்ல விலை கிடைத்தாலே போதும்.

ஆனால் பெயருக்கு முன்னே மாடு வேண்டும். மாட்டுக்கு முன்னே புல் வேண்டும். போர்க்காலத்தில் பட்டிகளை இழந்த குடும்பங்கள் எங்கள் மாவட்டத்தில் பல. மீண்டும் மாடு சேர்த்தவர்களுக்கு இப்போது மேய்ச்சல் தரை கவலையாகியுள்ளது. மயிலத்தமடு, மாதவனைப் பகுதியில் வெளியிடத்தார் பயிர்செய்வதனால் தரை குறைகின்றது என்று கூறிப் பண்ணையாளர் 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் அறவழிப் போராட்டம் தொடங்கினர். நான் வழக்கறிஞனுமல்லன், அரசியல்வாதியுமல்லன். ஆயினும் கம்பானியாவின் பெயரைக் காக்கும் சட்டத்தில் பால் எந்த நிலத்து மாட்டினது என்பதே முதற் கேள்வி என்பதை மட்டும் ஓர் ஆசிரியனாகச் சுட்டிக்காட்டுவேன். நிலத்தை விட்டுவிட்டுப் பெயரை மாத்திரம் காத்த தேசம் எதுவுமில்லை.

இன்னொன்று என் தொழிலோடு ஒட்டியது. தந்தையின் தொழில் என்ற இடத்தில் பட்டிக்காரரின் பிள்ளைகள் பலர் ‘விவசாயம்’ என்று எழுதுவர். சிலர் ‘கூலி’ என்பர். ‘கால்நடை’ என்று எழுதுபவர் அரிது. பிள்ளைகளைக் குறைகூறிப் பயனில்லை. அத்தொழிலுக்கு நாம் கொடுத்த மதிப்பையே அவர்கள் திருப்பித் தருகின்றனர். இலண்டன் மேடையில் நின்ற அவ்விளைஞனைச் சுற்றிக் கூட்டம் நின்று பார்த்தது. அவன் கை பாற்றிரளில் இருந்தது. முகத்தில் வெட்கம் இல்லை.

ஆகவே நாமும் கண்ணாடி மாளிகை எழுப்புவோம் என்று எவரேனும் புறப்பட்டால் நான் அதற்கு உடன்படேன். ஈட்டலி நிறுவனத்தாரே 2017இல் பொலோஞ்ஞா நகருக்கு வெளியே வயலும் தொழுவமும் உணவகங்களுமாகப் பென்னம்பெரிய உணவுப் பூங்காவைத் திறந்தனர். எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை. 2024இல் பெயரையே மாற்ற நேர்ந்தது. அன்றாடம் கறிக்கு வாங்க வருவோர் இல்லாத இடம் காட்சிச்சாலையாகுமேயன்றிச் சந்தையாகாது.

நமக்கேற்ற முன்மாதிரி அருகிலேயே இருக்கின்றது. வடக்கிலே ‘அம்மாச்சி’ என்ற பெயரில் பெண்கள் கண்முன்னே சமைத்து விற்கும் உணவகங்களைச் சென்று பாருங்கள். விவசாயத் திணைக்களங்களின் முயற்சியில் எழுந்தவை அவை. விலை குறைவு; கைபக்குவம் ஊருடையது. அத்தகைய உணவகமொன்று சந்தைக்குள்ளேயே, மீன் தட்டுக்கும் அரிசிக் கடைக்கும் நடுவே அமையட்டும். ஒருபுறம் முசுட்டை இலைச் சுண்டலும் புளியாணமும் சோறும், மறுபுறம் தயிர்ச்சட்டிகள். சட்டியைக் கட்டும் தாளில் ஊரின் பெயர், பட்டிக்காரரின் பெயர், பால் கறந்த நாள் ஆகிய மூன்றும் அச்சிட்டிருக்க வேண்டும். பிரதேச சபையும் பாற்பண்ணையாளர் கூட்டுறவுச் சங்கமும் மனம் வைத்தால் இதற்குப் பெருஞ்செலவில்லை. எங்கள் பாடசாலையின் சித்திர வகுப்புப் பிள்ளைகள் அத்தாளுக்கு வரைந்து தர ஆயத்தமாக உள்ளனர். எருமையின் கொம்பு எப்பக்கம் வளைய வேண்டும் என்பதில் மட்டும் இன்னும் அவர்களுக்குள் உடன்பாடு ஏற்படவில்லை.