லயத்திலா, ஆஸ்பத்திரியிலா?

(ஈப்போ வட்டாரத்தில் தோட்ட மாதர் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



பிள்ளைப்பேறு பெண்கள் சமாச்சாரம், ஆண்களுக்கு இங்கே என்ன வேலை என்று பின்வரிசையில் சிலர் எழுந்திருக்கப் பார்ப்பது தெரிகிறது. தயவு செய்து உட்காருங்கள். நாம் பேசப்போவதில் பாதி வண்டியைப் பற்றியும் சம்பளத்தைப் பற்றியுந்தான். அவை இரண்டும் இன்னும் பெரும்பாலும் உங்கள் கையிலேயே இருக்கின்றன.

தோட்டத்துப் பெண்கள் அறியாமையால் ஆஸ்பத்திரியை வெறுத்தார்கள், லயத்திலேயே பெற்றுக்கொண்டார்கள் என்று படித்தவர்கள் சொல்வதுண்டு. நாம் இதை ஒப்புக்கொள்வதற்கில்லை. 1948 ஜூனில் சுங்கை சிப்புட்டில் துரைமார் சுட்டுக்கொல்லப்பட்டு அவசரகாலம் பிரகடனமாயிற்று. 1960 வரை அது நீடித்தது. இரவில் ஊரடங்கு இருந்த தோட்டங்களில், நடுநிசியில் இடுப்பு வலி கண்டவள் எந்த ஆஸ்பத்திரிக்குப் போவாள்? வலி ஊரடங்கைப் பார்த்தா வருகிறது? கையெட்டும் தூரத்தில் இருந்தவள் மருத்துவச்சிக் கிழவி. அவள் நம் பாஷை பேசினாள், வெந்நீர் வைத்தாள், பத்தியம் சொன்னாள், மூத்த பிள்ளைகளுக்குக் கஞ்சியும் ஊற்றினாள். இவ்வளவையும் செய்த ஒருத்தியைப் பெண்கள் நம்பியதில் தப்பென்ன?

ஆனால் அவள் கைக்கும் ஓர் எல்லை இருந்தது. நாம் சிறுவராயிருந்த தோட்டத்தில் ஓர் இரவு நடந்ததைச் சொல்கிறோம். தோட்டத்தின் பெயர் வேண்டாம். நான்காவது பிரசவம். முன்பு மூன்றையும் அதே அறையில், அதே மருத்துவச்சியின் கையில் சுகமாகப் பெற்றவள். பிள்ளை பிறந்து அழுதது, நஞ்சுக்கொடி விழவில்லை, இரத்தம் நிற்கவில்லை. லோரியின் சாவி ஒருவரிடம், டிரைவர் வேறு டிவிஷனில், உத்தரவு கொடுக்க வேண்டியவர் பங்களாவில் உறக்கத்தில். எல்லோரும் எழும்பி லோரி புறப்பட்டது. செம்மண் ரோடு முடிவதற்குள் அவள் முடிந்துவிட்டாள். மருத்துவச்சி லயத்து வாசலில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அவளைக் குற்றம் சொன்னவர்கள் உண்டு. லோரிச் சாவியைக் குற்றம் சொன்னவர் எவருமில்லை.

பிரசவத்துக்குப் பின் பெருகும் இரத்தம் இரண்டு மணி நேரத்தில் ஆளைக் கொண்டுபோய்விடும். யாருக்கு இது வரும் என்று எந்த டாக்டராலும் முன்கூட்டி நிச்சயமாகச் சொல்ல முடியாது. மூன்று சுகப்பிரசவம் நான்காவதற்கு ஜாமீன் அல்ல. பிள்ளைகள் கூடக்கூட ஆபத்தும் கூடவே செய்கிறது. செருப்பில்லாத காலோடு நிரையில் நடந்து கொக்கிப்புழு ஏறிய உடம்பில் சிந்துவதற்கு இரத்தமும் ஏது? பிள்ளை பிறந்த ஒரு நிமிஷத்துக்குள் போடும் ஆக்ஸிடோசின் ஊசி பெரும்பாலும் இந்த இரத்தப்போக்கை வராமல் தடுக்கிறது. மீறி வந்தால் ஏற்றுவதற்கு இரத்தம் ஆஸ்பத்திரியில் இருக்கிறது. கசாயத்தில் இந்த இரண்டும் இல்லை. இதைச் சொல்வதால் கசாயத்தின் மீது நமக்கு விரோதமில்லை. பிள்ளையோடு வீடு திரும்பிய பிறகு தாராளமாகக் கொடுங்கள், டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு.

1957இல், இந்நாடு சுதந்திரம் அடைந்த ஆண்டில், ஒரு லட்சம் குழந்தைகள் உயிரோடு பிறந்தால் சுமார் 280 தாய்மார் இறந்தார்கள். 2000ஆம் ஆண்டு வாக்கில் அது சுமார் 30 ஆகக் குறைந்துவிட்டது. எப்படிக் குறைந்தது? எல்லோரும் ஆஸ்பத்திரிக்கு வா என்று அதிகாரம் செய்ததாலா? அல்ல. 1950களின் பிற்பகுதியிலிருந்து பயிற்சி பெற்ற மருத்துவச்சியைக் கிராமத்திலேயே குடிவைத்தார்கள். அவள் வீடு தேடிப்போய்ப் பிரசவம் பார்த்தாள். கம்போங் பீடான் கிழவியை விரட்டாமல், நீயும் கூட இரு, ஆபத்தென்றால் கூப்பிடு என்று அணைத்துக்கொண்டார்கள். நம்பிக்கை முதலில் வந்தது. ரோடும் வண்டியும் வந்தபோது பெண்கள் தாங்களாகவே ஆஸ்பத்திரிப் படி ஏறினார்கள். இலங்கையிலும் ஏறக்குறைய இதே வழியில்தான் தாய்மார் பிழைத்தார்கள்.

இதில் நம் மனத்தை உறுத்தும் சங்கதி ஒன்றுண்டு. அந்த மருத்துவச்சியின் வீடு கம்போங்கில் கட்டப்பட்டதே தவிர, தோட்டத்தில் அன்று. தோட்டம் தனியார் நிலம், அங்குள்ளவர் சுகாதாரம் முதலாளியின் பொறுப்பு என்று விட்டுவிட்டார்கள். டிரெஸர் நல்லவராய் அமைந்த தோட்டத்தில் பெண்கள் பிழைத்தார்கள். இல்லாத தோட்டத்தில் கடவுள் விட்ட வழி. பின்னாளில் தோட்டத்து ஆஸ்பத்திரிகள் ஒவ்வொன்றாய் மூடப்பட்டன.

இன்று இந்நாட்டில் நூற்றுக்கு 98க்கு மேற்பட்ட பிரசவங்கள் பயிற்சி பெற்றவர் கையிலேயே நடக்கின்றன. கிளினிக்கில் கொடுக்கும் புத்தகத்தில் வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று அடையாளம் ஒட்டுகிறார்கள். சிவப்பென்றால் உடனே ஆஸ்பத்திரி. அந்த அடையாளம் என்னவென்று கணவனுக்கும் தெரிந்திருக்க வேண்டும். நான்கு நம்பர் சீட்டின் எண் ஞாபகமிருக்கிறது, மனைவியின் புத்தகத்து வர்ணம் ஞாபகமில்லை என்றால் என்ன சொல்வது!

ஆஸ்பத்திரி குறையற்றது என்று நாம் சொல்ல வரவில்லை. வலியில் கத்தியவளைப் பார்த்து, நாவால் சொல்லக் கூசும் சொல்லைச் சொன்ன தாதியை நம் வீட்டுப் பெண்கள் கண்டிருக்கிறார்கள். மலாய் சரியாகப் புரியாத பெண், என்ன கேட்கிறார்களென்று தெரியாமலே தலையாட்டியிருக்கிறாள். அடுத்த பிள்ளைக்கு அங்கே போகமாட்டேன் என்று அவள் சொன்னால் அது அறியாமையல்ல, மானம். இதற்கு வழி புகார் எழுதிக் கொடுப்பதும், துணைக்கு ஒருத்தியை அனுப்புவதுமே. லயத்துக் கதவைச் சாத்திக்கொள்வதல்ல. இப்போது பல ஆஸ்பத்திரிகளில் கணவனை உள்ளே விடுகிறார்கள். வெட்கப்படாமல் போங்கள்.

அடுத்தது சம்பளம். கிளினிக்குக்குப் போனால் ஒரு நாள் பேர் போய்விடுமே என்று எத்தனை பேர் போகாதிருந்தோம்! 1955ஆம் ஆண்டுச் சட்டம் 60 நாள் பேறுகால விடுமுறை தந்தது. 2023 ஜனவரி முதல் தேதியிலிருந்து அது 98 நாள். அலவன்ஸ் கிடைக்க, பிரசவத்துக்கு முந்திய ஒன்பது மாதத்தில் குறைந்தது 90 நாள் வேலை செய்திருக்க வேண்டும். உயிரோடிருக்கும் பிள்ளைகள் ஐந்து ஆகிவிட்டால் அலவன்ஸ் கிடையாது; விடுமுறை உண்டு. எதிர்பார்க்கும் தேதிக்கு முந்திய 60 நாளுக்குள் முதலாளிக்குத் தெரிவிக்கவும் வேண்டும். கிராணிமார்களே, அந்த 90 நாளை செக்ரோலில் எண்ணிச் சொல்ல உங்களைத் தவிர யாரிருக்கிறார்? அவள் வந்து கேட்கட்டும் என்று காத்திராதீர்கள். எண்பத்தெட்டு நாளில் நிற்கும் பெயரைக் கண்டால் நீங்களே கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

பக்கத்து லயத்தில் இந்தோனேசியப் பெண்ணோ வங்காள தேசத்துப் பெண்ணோ இருப்பாள். நம்மவர் தாமான்களுக்குப் போன பிறகு பல தோட்டங்களில் வேலை செய்வோர் அவர்களே. அரசாங்க ஆஸ்பத்திரியில் பிரஜையல்லாதாருக்குக் கட்டணம் பல மடங்கு. கர்ப்பம் மருத்துவப் பரிசோதனையில் தெரிந்தால் வேலைப் பெர்மிட்டே போய்விடும் என்ற பயம் வேறு. ஆகவே ஒளித்து வைத்துக்கொண்டு, நம் பாட்டிமார் பெற்றது போலவே கதவைச் சாத்திக்கொண்டு பெறுகிறாள். அவள் கதவு தட்டினால் திறவுங்கள். காசைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ ஆஸ்பத்திரி ஏறக்குறைய 30 கிலோமீட்டர். அது தூரமே அல்ல. லயத்திலிருந்து தார் ரோட்டுக்கு வருவதுதான் தூரம். ஆகையால், கார் வைத்திருப்பவர்கள் பெயரையும் டெலிபோன் நம்பரையும் கூட்டம் முடிந்ததும் கிராணியாரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகும்படி கேட்டுக்கொள்கிறோம். இரவில் எழுப்பினால் கோபித்துக்கொள்ளாதவர்கள் மட்டும் கொடுத்தால் போதும். லோரிச் சாவி இரவில் யாரிடம் இருக்கும் என்பதையும் அதே தாளில், மேலே, பெரிய எழுத்தில் எழுதி ஆயாக்கொட்டகைச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.