வரைபடத்திலேயே அகப்படும் பிழை

மதுரையிலிருந்து சோழவந்தான் வழியாகத் திண்டுக்கல் செல்லும் இரட்டை ரயில் பாதையில் ஒரு லெவல் கிராசிங் கேட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கேட் மூடிப் பூட்டப்படாமல் சிக்னல் கொடுக்கலாகாது. கொடுத்தபின் வண்டி கடக்கும்வரை கேட்டைத் திறக்கலாகாது. இன்டர்லாக்கிங் என்று ரயில்வே ஊழியர் சொல்லும் இந்த நியதியைக் கணினி வசம் ஒப்புவிக்க நேர்ந்தால், புரோகிராம் எழுதுமுன், எந்த நிலைக்குப்பின் எந்த நிலை என்று காட்டும் மாடல் ஒன்றை வரைய வேண்டும்.

இளைஞர் சிலர் பயிற்சிக்காக வரைந்த அத்தகைய மாடல் ஒன்றை என்னிடம் கொணர்ந்தார்கள். வண்டி வந்தால் கேட் மூடும், போனால் திறக்கும். பார்வைக்கு லட்சணமாகவே இருந்தது. அதை, மாடல்களைச் சோதிக்கும் புரோகிராமான சோதனைக் கருவியில் இட்டு, வண்டி கடக்கையில் கேட் திறந்திருக்கும் சந்தர்ப்பம் எக்காலத்திலேனும் உண்டா என்று வினவினோம். உண்டு என்றதோடு நில்லாமல், அந்த அபாயத்துக்கு இட்டுச்செல்லும் வழியையும் அது படிப்படியாக எழுதிக் காட்டியது: திண்டுக்கல் பக்கமிருந்து ஒரு வண்டி வருகிறது, கேட் மூடுகிறது, அது கடப்பதற்குள் மதுரைப் பக்கமிருந்து மற்றொன்று நெருங்குகிறது, முதல் வண்டி அகன்றதும் கேட் திறக்கிறது, மற்றது வந்தேவிடுகிறது! மாடலில் வண்டி உண்டு, இல்லை என்பதற்கு ஒரு குறி இருந்ததே தவிர, எத்தனை வண்டிகள் என்று எண்ண இடமில்லை.

எதிருதாரணம் எனப்படும் இந்த வழிக்குறிப்பைப்போல் எனக்குப் பிரியமானது இத்தொழிலில் வேறில்லை; ஏனெனில், ஒற்றை வண்டியை வைத்து ஆயிரம் முறை ஓட்டிப் பார்த்தாலும் தென்படாத பிழையை, சாத்தியமான நிலைகள் அனைத்தையும் சலித்துப் பார்த்துக் கருவி அதன்மூலம் வெளிக்கொணர்கிறது; வரைந்தவரும் வாதாடாமல் பென்சிலை எடுக்கிறார். அன்று ஓர் எண்ணிக்கையைச் சேர்த்ததும் காரியம் முடிந்தது. கேட்டில் கணினியைப் பொருத்திய பிறகானால், கம்பிகளைப் பிரித்துப் பாதையையே நிறுத்த வேண்டியிருக்கும்.

மாடலின் நிலைகளை இவ்வாறு சலித்துச் சோதிக்கும் முறை, கணினி அறிவியலாளர்களான கிளார்க், எமர்சன், சிஃபாகிஸ் ஆகிய மூவர் 1980களின் தொடக்கத்தில் உருவாக்கியது. 2007ஆம் ஆண்டின் டூரிங் விருது அவர்களுக்கே. தமிழ்நாட்டில், தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனத்திலும், சிறுசேரியிலுள்ள சென்னைக் கணிதவியல் கழகத்திலும் இத்துறையில் ஆழ்ந்த ஆராய்ச்சி நடந்துவருகிறது. ஒன்று சொல்லியாக வேண்டும், நேயர்களே: பத்து ஸ்விட்சுகளுக்கு 1,024 நிலைகள், இருபதுக்குப் பத்து லட்சத்துக்கும் மேல், ஆகையால் பெரிய மாடலானால் கருவியும் திணறும், அநாவசியமானவற்றை நீக்கிச் சுருக்கித் தரும் விவேகம் மனிதருடையது.

ஸ்பின் என்னும் சோதனைக் கருவி 1991 முதல் இலவசமாகவே கிடைக்கிறது. நம் மதுரைச் சீமைப் பொறியியல் மாணவர்கள், புரோகிராமின் முதல் வரிக்கு முன்பே மாடலை அதனிடம் காட்டும் பழக்கத்தை வகுப்பறையிலேயே கைக்கொள்வார்கள் என்று நம்புகிறேன்.