செய்திப் படச்சுருளும் செவிவழிச் சொல்லும்

இவ்விலக்கிய வட்டம் பத்தாண்டு நிறைவு காண்கிறது.

கடலூருக்குப் போர் புதிதன்று. தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டையைப் பிரெஞ்சுத் தளபதி லாலி 1758-இல் கைப்பற்றினார். 1783-இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் கடலூர் மண்ணிலும் கடலிலும் மோதினர். அப்போர்களை மக்கள் கண்ணெதிரே கண்டனர். இரண்டாம் உலகப் போரையோ திரையில் கண்டனர். விரும்பிக் கண்டனரா, காணுமாறு செய்யப்பட்டனரா என்பதே இங்கு எழும் வினா.

1939 செப்டம்பரில், இந்தியத் தலைவர்களைக் கலந்துகொள்ளாமலே வைசிராய் லின்லித்கோ இந்நாட்டைப் போரில் இணைத்தார். இராஜாஜியின் சென்னை அமைச்சரவை உள்ளிட்ட காங்கிரசு அமைச்சரவைகள் பதவி விலகின. மக்களின் இசைவைக் கேளாத அரசுக்கு அவர்களின் பணமும் உழைப்பும் படையாட்களும் வேண்டியிருந்தன. இசைவைப் பின்னர்த் தேடிக்கொள்ளும் கருவிகளுள் ஒன்றாயிற்று திரைப்படம். 1940-இல் திரைப்பட ஆலோசனைக் குழு அமைந்தது. 1943-இல் ‘இன்பர்மேஷன் பிலிம்ஸ் ஆப் இந்தியா’ தோன்றியது. ‘இந்தியன் நியூஸ் பரேட்’ என்னும் செய்திப்படம் தமிழிலும் பேசியது.

அவ்வாண்டே இந்தியப் பாதுகாப்பு விதிகளின்கீழ் ஓர் ஆணை பிறந்தது. ஒவ்வொரு காட்சியிலும் அரசு ஏற்பளித்த படத்தை 2,000 அடி வரை திரையரங்குகள் காட்டியாக வேண்டும். அதற்கு வாடகையும் செலுத்த வேண்டும். இரண்டாயிரம் அடி என்பது ஏறத்தாழ 22 நிமிடம். கச்சாச் சுருள் தட்டுப்பாட்டால் கதைப்படத்தின் நீளம் 11,000 அடியாகக் குறுக்கப்பட்ட காலம் அது. கதைக்குப் பங்கீடு, பரப்புரைக்குக் கட்டாயம்!

திரையில் படைகள் முன்னேறின, தொழிற்சாலைகள் இயங்கின. திரைக்கு வெளியே இருந்த வாழ்க்கை வேறு. 1942 ஏப்ரல் 6-இல் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் சப்பானியக் குண்டுகள் விழுந்தன. சோழமண்டலக் கரையை அச்சம் கவ்வியது. பர்மாவிலிருந்து தமிழர்கள் கால்நடையாகத் திரும்பினர்; வழியில் மாண்டோர் பலர். அவ்வாண்டு ஆகஸ்டில் தலைவர்கள் சிறை புகுந்தனர். சிதம்பரத்து அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர்களும் அப்போராட்டத்தில் இறங்கினர். 1943-இல் வங்கம் பசியால் மடிந்தது. 1927-இல் நீல் சிலை அகற்றும் போராட்டத்தில் சிறை சென்ற அஞ்சலையம்மாளின் ஊரான கடலூருக்கு, திரையில் வாராத செய்திகள் எவை என்பதை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

பொதுவாழ்வு அரசின் படச்சுருளுக்காகக் காத்திருக்கவும் இல்லை. போர் நடந்துகொண்டிருக்கையிலேயே, 1941-இல், அண்ணாமலை நகரில் தமிழிசை மாநாடு கூடியது. தன் மொழியில் பாடும் உரிமையை ஒரு மக்கட்கூட்டம் கேட்டது. அதற்கும் ஓராண்டு முன்பாக, 1940 ஆகஸ்டில், ஏ. கே. செட்டியார் தம் காந்தியடிகள் ஆவணப்படத்தை வெளியிட்டார். உலகின் பல மூலைகளில் தேடித் திரட்டிய சுமார் 50,000 அடிப் படச்சுருளிலிருந்து அது உருவாயிற்று. அரசின் ஆணையின்றி, தனி ஒரு தமிழரின் முனைப்பால் எழுந்த படம் அது. அதன் தமிழ் மூலம் இன்று கிடைக்கவில்லை; 1953-ஆம் ஆண்டின் ஆங்கில வடிவமே எஞ்சியுள்ளது. இவ்விழப்பு எதிரியால் நேர்ந்ததன்று. பேணாமையால் நேர்ந்தது.

அரசின் படப்பிரிவுக்கு நேர்ந்ததும் எண்ணத்தக்கது. ஆள்வோரின் வாயாகவே அதனைக் கண்ட மத்திய சட்டமன்றம் 1946-இல் நிதியை மறுத்தது; பிரிவு மூடப்பட்டது. விளைவு, 1947 ஆகஸ்டு 15-இல் விடுதலை விழாவைப் பதிவு செய்ய அரசுக்கெனச் செய்திப்படக் குழு இல்லை. பிலிம்ஸ் டிவிஷன் 1948-இல்தான் பிறந்தது. கருவியை வெறுத்தோர் கருவியின் பயனையும் இழந்தனர். செய்திப்படத்தால் தொழில் கற்ற இந்தியக் கலைஞர்களையும், உலகை முதன்முதல் அசைவுருவில் கண்ட தரை டிக்கெட் மக்களையும் மறப்பது நேர்மையன்று.

எனினும் எஞ்சுவது எது? 1914 செப்டம்பர் 22 இரவில் எம்டன் கப்பல் சென்னையைச் சுட்டது. அதை எந்தப் படச்சுருளும் ஊர்ஊராகக் காட்டவில்லை. ஆயினும், ‘அவன் பெரிய எம்டன்’ என்று தமிழர் பேச்சில் அக்கப்பல் இன்றும் மிதக்கிறது. அதே போரின்போது புதுச்சேரியிலிருந்த பாரதி, பெல்ஜியத்தைத் திரையில் காணாமலே அதனை வாழ்த்திப் பாடினார். 1918 நவம்பரில் கடலூர் எல்லையில் கைதாகிச் சிறையிலிருந்தார். அக்காட்சிக்குப் படமில்லை, பாட்டு இருக்கிறது.

கவிஞர் பெருமக்களே! 1943-இல் சிறுவராய்த் திரைமுன் மணலில் அமர்ந்தோர் இன்று எண்பதைக் கடந்தவர்கள். கடலூர் முதுநகரிலும் சிதம்பரத்து மாடவீதிகளிலும் அவர்கள் சிலராவது இருக்கக்கூடும். அவர்களின் நாவிலுள்ள சொற்களைக் கேட்டு எழுதிவைப்பது அடுத்த பத்தாண்டுக்கு இவ்வட்டம் ஏற்கத்தக்க பணி. படச்சுருள் மட்கும், கேட்டுப் பேணிய சொல் மட்காது.

வட்டம் வளர்க! தமிழ் வாழ்க!